செடி பிடிக்கும் என்றால் எந்த வேலைக்குப் போகலாம்?

போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே அக்கா மகள் பையோடு ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள். "சித்தி, செடி சம்பந்தமான வேலைதான் எனக்கு வேணும். அதுக்கு என்ன படிக்கணும்?" என்றாள். நானும் என் வீட்டுக்காரரும் பதினொரு வருஷமாக நாற்றுப்பண்ணை நடத்துகிறோம். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில், அதாவது செடியின் சிறு துண்டைப் பாட்டிலில் வைத்துக் கன்றாக்கும் இடத்தில், வேலை பார்த்தேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். நாற்று எடுக்க வருகிற விவசாயிகள்கூடத் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்பார்கள்.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "செடியோட எந்த வயசு உனக்குப் பிடிக்கும்?"

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். விதை மண்ணைப் பிளந்து இரண்டு இலை விடுகிற நேரம் சிலருக்கு உயிர். சிலருக்குப் பூவும் காயும். சிலருக்கு அதன் பெயரும் குடும்பமும் தெரிந்தால்தான் தூக்கம் வரும். இன்னும் சிலருக்கு, நட்டது மரமாகி நிழல் விழுவதைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் இத்தனையும் ஒருவருக்கே கிடைக்கும். வேலை என்று வந்துவிட்டால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அது எந்தப் பகுதி என்று பார்க்காமல் சம்பளத்தையும் கட் ஆஃப் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள், செடி மேல் இருந்த ஆசையே விட்டுப்போய் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றுப்பண்ணையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் நாற்று என்றால் காய்கறி நாற்றுதான். தக்காளி, மிளகாய், கத்தரி. 98 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி பாலிதீன் தாளால் மூடி வைப்போம். அந்தச் சூட்டில் விதை முளை விடும். சரியான நாளில் பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முளை வெளிறி நீண்டு நூல் மாதிரி ஆகிவிடும். தக்காளி 25 நாளில் வயலுக்குப் போய்விடும், மிளகாய்க்கு 35 நாள் ஆகும். காலை ஆறு மணிக்கு நிழல்வலைக்குள் நுழைந்தால் லட்சம் குருத்துகள் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்கும். பதினொரு வருஷமாகியும் அந்தக் காட்சி எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் 25 நாளில் அது என்னை விட்டுப் போய்விடுகிறது. என் தக்காளி பூத்து நான் பார்த்ததே இல்லை. வளர்த்ததை அனுப்பத் தெரிந்த மனசு இருந்தால்தான் இந்தத் தொழில் ஒத்துவரும்.

இதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷம் ஐப்பசியில், வானம் மூடியிருந்த ஒரு சாயங்காலம் நான் தண்ணீர் தெளித்துவிட்டேன். காலையில் விட்டிருக்க வேண்டிய தண்ணீர் அது. இரண்டு நாளில் தண்டு அடியில் நீர் கோத்து, விரல் பட்டாலே நாற்று சாய்ந்தது. நாற்றழுகல் நோய். அறுபது தட்டு, கிட்டத்தட்ட ஆறாயிரம் நாற்று போயிற்று. பணம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நாற்றுக்காக ஒருவர் நிலத்தை உழுது, பாத்தி கட்டி, மூடாக்குத் தாள் விரித்து, சொட்டுநீர்க் குழாயும் ஓட்டிவிட்டுக் காத்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று "இன்னும் ஒரு மாசம் ஆகும் அண்ணே" என்று சொன்ன நாளை நான் மறக்கவில்லை. நாற்றுப்பண்ணைக்காரன் கையில் இருப்பது இன்னொருவரின் பருவம்.

அப்புறம் விலை. ஒரு தக்காளி நாற்று ஒரு ரூபாய் அக்கம்பக்கத்தில்தான் போகும். மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் புக் செய்தவர்கள் எடுக்க வரமாட்டார்கள், நாற்றோ காத்திருக்காது. பண்ணைக்கு விதை விற்பனை உரிமம் எடுக்க வேண்டும், ஆய்வுக்கு வருவார்கள், விதை எந்த லாட் என்று பதிவேடு வைக்க வேண்டும். நல்லது என்னவென்றால், இதற்குப் பட்டப் படிப்பு கட்டாயமில்லை. தோட்டக்கலை டிப்ளமோ படித்தவர்களும் நடத்துகிறார்கள், பத்தாவதோடு நிறுத்தியவர்களும் நடத்துகிறார்கள். பழ மரக் கன்று, பூச்செடி, அலங்காரச் செடி என்று பிரிவுகள் நிறைய இருக்கின்றன. மா ஒட்டுக் கட்டுவதில் கை தேர்ந்த ஒருவர் பண்ணை பண்ணையாகப் போய், கன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்வதை நத்தம் பக்கம் பார்க்கலாம். வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, தாய்க்குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பாலிதீன் நாடாவால் சுற்றுவதற்கு அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த வேகம் வர இரண்டு மூன்று பருவம் ஆகும். வந்துவிட்டால் வேலை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்ப ஆளில்லை.

வீட்டுப் பெரியவர்கள் விரும்புவது இரண்டாவது வழியை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அல்லது அதன் உறுப்புக் கல்லூரி, நான்கு வருஷம், அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் பிற்பாடு கோவைக்கு மாறி, 1971-ல் பல்கலைக்கழகமானது. தோட்டக்கலைக்குப் பெரியகுளத்தில் கல்லூரி இருக்கிறது. ஊர் ஊராகப் போட்டு வைக்கும் பி.கே.எம்.1 செடிமுருங்கை அங்கிருந்து வந்ததுதான். பெண்களுக்கென்று திருச்சியில் தனியாக ஒரு தோட்டக்கலைக் கல்லூரி, காட்டியல் படிக்க மேட்டுப்பாளையம். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். அந்த மாதங்களை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் படிப்பு திறந்துவிடும் கதவுகள் அதிகம். வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குச் சமீபத்திய அறிவிக்கைகளில் அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்கியது. வங்கிகள் வேளாண் கள அலுவலர்களை எடுக்கின்றன, விதை, உரக் கம்பெனிகள் எடுக்கின்றன. குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளை என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அலுவலரின் ஒரு நாளைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இங்கே சிறு குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து. அதற்குச் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, நில வரைபடம் எல்லாம் சரிபார்த்து, ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். இலக்கு முடிந்ததா என்று மேலிருந்து தினமும் கேட்பார்கள். மழை வெள்ளம் வந்தால் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு வாழை சாய்ந்தது என்று சேற்றில் நடந்து கணக்கெடுக்க வேண்டும். இதில் செடி இருக்கிறது, ஆனால் அது இன்னொருவர் வயலில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது கோப்பும் அந்த மனிதரும். மனிதர்களோடு பேசப் பிடித்தவர்களுக்கு அற்புதமான வேலை. சரியான நேரத்தில் ஓர் அலுவலர் சொன்ன ஒரு வார்த்தையால் ஊர் முழுக்க மிளகாய் பிழைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தனியாகச் செடியோடு இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது மூச்சு முட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், பல பிள்ளைகள் ஏமாறும் இடம் இது. பி.எஸ்சி. தாவரவியலும் பி.எஸ்சி. தோட்டக்கலையும் ஒன்றல்ல. தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலர் தேர்வு எழுத முடியாது. வனத்துறைத் தேர்வுகள் சிலவற்றுக்குத் தாவரவியல் செல்லும். கல்லூரியில் சேர்ந்த பிறகு இது தெரிந்து பயனில்லை.

திசு வளர்ப்புக் கூடத்தை நான் விட்டு வந்ததால் அதைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே கற்ற சுத்தம்தான் இன்றும் என் பண்ணையைக் காப்பாற்றுகிறது. வாழைப் பக்கக்கன்றின் குருத்து நுனியை எடுத்துக் கிருமி நீக்கி, அகர் கலந்த ஊட்டக் கலவையில் வைத்தால் அது கொத்துக் கொத்தாகப் பிரியும். அதை வெட்டி வெட்டிப் புதுப் பாட்டிலில் வைத்துக்கொண்டே போக வேண்டும். வடிகட்டிய காற்று முகத்துக்கு நேரே வீசும் மேடை, பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு, நெருப்பில் காட்டிய கத்தி. முகமூடி, தலை உறை, கையுறை போட்டு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். வளர்ப்பு அறை 25 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கும். நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பச்சை. பார்க்க அத்தனை அழகு. ஒரு பாட்டிலில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உடனே அதை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வரிசையே போகும்.

வருஷம் முழுக்க மழை, வெயில், மார்க்கெட் எதுவும் உங்களைத் தொடாது. மாதச் சம்பளம் வரும். முதுகலை உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்கள் கூடத்தை நிர்வகிக்கும் இடத்துக்கு உயரலாம். ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினால் திருச்சியில் வாழைக்கென்றே 1993-லிருந்து தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முடிக்கொத்து மாதிரியான வைரஸ் நோய் இல்லாத தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வாழை போட்டு நஷ்டப்பட்டவர்களுக்குத் தெரியும். நுணுக்கமான கையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். எனக்கு மண் வாசனை வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் என் நகக்கண்ணில் ஒருநாள்கூட மண் ஏறவில்லை என்று ஒரு மத்தியானம் சோறு பிசையும்போது தோன்றியது. அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் நல்ல பணம் இருக்கிறது. ஐ.டி. வளாகம், அடுக்குமாடி, ஓட்டல் எல்லாவற்றுக்கும் புல்தரையும் செடியும் வேண்டும். செடி பெரும்பாலும் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வரும். ஒரு மாதத்தில் தோட்டத்தைக் கண்முன் நிறுத்திவிடலாம். கற்பனை உள்ளவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் பேச வேண்டியது பில்டரோடும் மேஸ்திரியோடும். முன்பணம் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிப்பார்கள். பட்டுப்போன செடிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், தண்ணீர் விடாதது அவர்கள் ஆளாக இருந்தாலும். இன்னொன்று, அவசரத்துக்குப் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கோனோகார்ப்பஸ் என்ற அந்நிய மரத்தை வைக்கச் சொல்வார்கள். அது வேண்டாம், புங்கன் வைப்போம், மகிழம் வைப்போம் என்று சொல்லி வேலையை இழக்கவும் தைரியம் வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் நாலைந்து கையில் இருந்தால்தான் மாதா மாதம் வருமானம் நிலைக்கும்.

தேயிலை எஸ்டேட் உதவி மேலாளர் வேலை மலையும் குளிரும் பிடித்தவர்களுக்கு. அது ஆட்களை நிர்வகிக்கும் வேலை, செடி அதன் பின்னணி. பூ விவசாயத்துக்கு ஓசூர் ரோஜாவும் நிலக்கோட்டை மல்லியும் வழி காட்டும். மல்லி மொட்டாக இருக்கும்போதே விடியுமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும், தூக்கத்தை விற்கத் தயாரென்றால் இறங்கலாம். சித்த மருத்துவம் ஐந்தரை வருஷப் படிப்பு. மூலிகை மேல் உள்ள ஆசைக்காக மட்டும் அதில் சேராதீர்கள், அங்கே முதலில் நோயாளி, அப்புறம்தான் செடி.

தாவரவியல் பற்றி நம் ஊரில் யாரும் நல்லபடியாகப் பேசுவதில்லை. "டீச்சர் வேலைதான் கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1853-ல் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். ஹெர்பேரியம் என்றால் உலர்ந்த செடிகளின் நூலகம். பூவோடும் காயோடும் சேகரித்த கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, பூஞ்சை பிடிக்காமல் தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, கெட்டி அட்டையில் தைத்து ஒட்டி, எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று சீட்டு எழுதுவார்கள். அந்த அலமாரியைத் திறந்தால் நூறு வருஷத்துக்கு முன் ஒரு மலைச்சரிவில் பூத்த பூ அப்படியே படுத்திருக்கும். இன்று அந்தச் சரிவில் அந்தச் செடி இருக்கிறதா என்று தேடிப்போக அந்தச் சீட்டுதான் ஆதாரம். திருச்சி ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியமும் இந்த வேலைக்குப் பேர்போன இடம்.

ஜானகி அம்மாள் 1930-களில் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, கரும்பைப் புல்லினங்களோடு கலப்பு செய்து பார்த்தவர். பிறகு 1950-களில் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்க அழைக்கப்பட்டார். இந்தத் துறையில் நம் பக்கத்துப் பெண் ஒருவர் எங்கே வரை போனார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் காத்திருக்க வேண்டும். முதுகலை, அதன்மேல் நெட் தேர்வு, திட்டத்தில் தற்காலிக ஆராய்ச்சியாளர், முனைவர் பட்டம் என்று முப்பது வயதுவரை நிரந்தரச் சம்பளம் இல்லாமல் போகலாம். நிரந்தரப் பணியிடங்களும் கொஞ்சம்தான். வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான் என்றால் இந்தக் காத்திருப்பு கொடுமை. அந்தச் சுமை இல்லாதவர்களை நான் தடுக்க மாட்டேன். வயலில் நிற்கும் செடியை என்னால் நல்ல நாற்றாகத்தான் பார்க்க முடிகிறது, அவர்கள் அதன் வம்சத்தையே பார்க்கிறார்கள்.

காடு வளர்ப்பு வேலை கடைசியில் வருகிறது, என் மனசில் முதலில் இருப்பது அது. ஆரோவில் தொடங்கிய 1968-ல் அந்த மேடு முழுக்க மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள்தான். இன்று போய்ப் பார்த்தால் பாலை, வீரை, காசான், கருங்காலி என்று கடற்கரையோரத்துக் காட்டு மரங்களை விதையிலிருந்து வளர்த்துத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த விதைகளில் பல, மிச்சமிருக்கும் கோயில் காடுகளிலிருந்து பொறுக்கியவை. எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், விதை எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்ற கணக்கு முழுக்கத் தலையில் இருக்க வேண்டும். சில விதைகளை உலர்த்திச் சேமிக்கவே முடியாது, விழுந்த கையோடு போட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்நிய மரங்களை அகற்றிவிட்டுப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. 2022-ல் தமிழ்நாடு பசுமை இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்த பிறகு நாட்டு மரக் கன்றுகளுக்குக் கேட்பு கூடியிருக்கிறது.

இதில் சம்பளம் பெரும்பாலும் திட்டத்தைப் பொறுத்தது. மூன்று வருஷத்துக்குப் பணம் வரும், அப்புறம் அடுத்த திட்டம் வரும்வரை இழுபறி. தங்குவது காட்டோரம். நட்டதில் பாதி போகலாம், மிச்சம் நிழல் தரப் பத்து வருஷமாவது ஆகும். நாற்றுப்பண்ணையின் 25 நாளுக்கு நேர் எதிரான பொறுமை இது. இரண்டையும் சேர்க்க வழி உண்டு. நாட்டு மர நாற்றுப்பண்ணை வைத்து, காடு வளர்ப்பவர்களுக்குக் கன்று கொடுத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்று புதிதாகத் தொடங்கினால் நான் அதைத்தான் செய்வேன். காய்கறி நாற்றில் வயிறு நிறைகிறது, அதனால் ஷெட்டின் ஓரத்தில் நூறு பாலைக் கன்று மட்டும் வைத்திருக்கிறேன்.

எதில் சேர்வதாக இருந்தாலும் முதலில் அந்த இடத்தில் பதினைந்து நாள் கூலி ஆளாக நின்று பாருங்கள். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் நேரம் இருக்கிறது. பெரும்பாலான பண்ணைக்காரர்கள் ஆசையோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வெயிலில் இடுப்பு ஒடிய நின்றபிறகும் மறுநாள் காலை போகத் தோன்றுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

அக்கா மகளும் எங்களிடம் இருபது நாள் இருந்தாள். விண்ணப்பத்தில் தோட்டக்கலையை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். தட்டு நிரப்பினாள், விதை போட்டாள், எல்லாம் சரியாகவே செய்தாள். ஆனால் நாற்றைவிட நடைபாதையில் முளைத்த களையைத்தான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, சாரணை, குப்பைமேனி என்று எனக்குத் தெரிந்த பெயரெல்லாம் சொன்னேன். ஈரமான தரையில் ஒட்டிப் படர்ந்து, ஊசிமுனை அளவு வெள்ளைப் பூ விட்டிருந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பெயர் தெரியவில்லை. அதைப் பிடுங்கிப் பழைய தினசரிக்குள் வைத்து, மேலே நாற்றுத் தட்டுக் கட்டைத் தூக்கி வைத்துவிட்டாள். இப்போது திருச்சியில் பி.எஸ்சி. தாவரவியல் முதல் வருஷம் படிக்கிறாள். அக்காவுக்கு இன்னும் கவலைதான். "கவர்மென்ட் வேலை கிடைக்குமாடி?" என்று என்னைத்தான் கேட்கிறாள். கிடைக்கலாம், தாமதமாகலாம், அதுவரை உன்னால் தாங்க முடியுமென்றால் விடு என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவளிடமிருந்து போன். "சித்தி, நம்ம ஷெட் ஓரத்துச் செடிக்குப் பேர் கிடைச்சிடுச்சு. ஓல்டன்லாண்டியா கொரிம்போசா. கேரளாவுல இதைத்தான் பர்ப்படகப்புல்லுன்னு சொல்றாங்க. நம்ம நாட்டு மருந்துக் கடையில பற்படாகம்னு கேட்டா குடுக்கிறது வேற செடி, குடும்பமே வேற!" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முக்கால் மணி நேரம் சொன்னாள்.